பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக் கற்ற வாட்டர் கலர்

"ஐயோ, எனக்குப் படம் போடவே வராது!"

நம்மில் முக்கால்வாசிப் பேர் சொல்கிற பதில் இதுதான். அதே நம் கை விடியற்காலையில் வாசல் தெளித்து, பதினைந்து புள்ளி எட்டு முடிய இடைப்புள்ளி வைத்து, ஒரு இழை பிசகாமல் கோலம் போட்டுவிட்டு உள்ளே வருகிறது. அந்தக் கோலத்தை நமக்கு யார் பாடம் நடத்தினார்கள்? அம்மாவோ பாட்டியோ போடும்போது பக்கத்தில் குந்திக்கொண்டு பார்த்தோம். அவ்வளவுதான். ரசத்தை நுரை கட்டியதும் இறக்கிவிட வேண்டும் என்பதையும், சப்பாத்தி மாவு எந்தப் பதத்துக்கு வந்தால் போதும் என்பதையும் அப்படித்தானே தெரிந்துகொண்டோம்!

வாட்டர் கலரையும் அதே வழியில் கற்கலாம் என்பது எனக்கு நாற்பது வயதுக்கு மேல்தான் தெரிந்தது. ஏழு மாதம் ஒரு அம்மாள் பக்கத்தில் உட்கார்ந்து, பிரஷைத் தொடாமல், வெறுமனே பார்த்தேன். அந்தப் பார்வையில் கிடைத்ததைச் சகோதரிகளுடன் பகிர்ந்துகொள்ளத்தான் இந்தக் கட்டுரை.

டீச்சர் போட்ட நிபந்தனை

கும்பகோணத்தில் எங்கள் தெருக் கோடியில் இருக்கிறவர் அந்த டீச்சர். பெண்கள் பள்ளியில் டிராயிங் டீச்சராக இருந்து ரிடையர் ஆனவர். எழுபது வயதுக்கு மேல் ஆகிறது. கணவர் காலமாகிவிட்டார், பிள்ளை வெளியூரில். காலை வேலை முடிந்ததும் பின்கட்டுத் தாழ்வாரத்தில் ஒரு தாழ்ந்த மேஜையைப் போட்டுக்கொண்டு, கொல்லையைப் பார்த்தபடி படம் போட உட்கார்ந்துவிடுவார். கிணறு, அதற்குப் பின்னால் சுண்ணாம்பு அடித்த மதில் சுவர், ஓரத்தில் நாலு வாழை. இதையே திரும்பத் திரும்பப் போடுவார். "ஒரே இடத்தையே போடறீங்களே, அலுக்காதா?" என்று கேட்டேன். "வெயில் தினம் ஒண்ணாவா அடிக்குது?" என்றார்.

பார்க்க வரலாமா என்று கேட்டபோது இரண்டு நிபந்தனை போட்டார். "பிரஷ் கையில இருக்கும்போது என்கிட்ட பேசக் கூடாது. நான் சொல்ற வரைக்கும் நீ பிரஷைத் தொடக் கூடாது."

வாரத்தில் இரண்டு நாள், செவ்வாயும் வியாழனும், பத்தரை மணிக்குப் போய்ப் பதினொன்றரைக்குத் திரும்புவேன். வீட்டில் மாமியாருக்கு இது புரியவில்லை. "நீ ஒண்ணும் போடறதில்லேங்கிறே. அப்புறம் எதுக்கு ஒரு மணி நேரம் அங்கே போய் உட்கார்ந்திருக்கே?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். நியாயமான கேள்விதான். எனக்கும் அப்போது பதில் தெரியாது.

என்னென்ன வேண்டும்?

டீச்சரின் சாமான்களை எண்ணிவிடலாம். வெள்ளைப் பீங்கான் தட்டு ஒன்று. தண்ணீருக்கு இரண்டு டம்ளர் - ஒன்று பிரஷ் கழுவ, மற்றது நிறத்தில் சேர்க்க. இரண்டையும் ஒன்றாக்கினால் மஞ்சள்கூட அழுக்காகிவிடும். உருண்டை முனை பிரஷ் இரண்டு, பெரியது ஒன்று, நடுத்தரம் ஒன்று. அகலமான பட்டை பிரஷ் ஒன்று. பழைய காட்டன் துணி. படம் போடும் பலகை, நாலு க்ளிப். மெழுகுவத்தித் துண்டு ஒன்று.

செலவு செய்ய வேண்டியது பேப்பருக்குத்தான் என்பார். சாதாரண டிராயிங் நோட்டு பேப்பர் தண்ணீர் பட்டதும் அப்பளம் போல் நெளிந்துகொள்ளும். பள்ளங்களில் நிறம் தேங்கித் திட்டுத் திட்டாகும். கடையில் கேட்கும்போது "300 ஜி.எஸ்.எம். வாட்டர் கலர் பேப்பர்" என்று கேளுங்கள். ஒரு சதுர மீட்டர் பேப்பரின் எடை 300 கிராம் என்று அர்த்தம். தடவிப் பார்த்தால் லேசாகச் சொரசொரப்பாக இருக்க வேண்டும். பெரிய தாளாக வாங்கி நாலாகவோ எட்டாகவோ வெட்டிக்கொண்டால் கட்டுப்படியாகும். பின்பக்கத்தையும் உபயோகிக்கலாம்.

வண்ணம் ட்யூபிலும் வருகிறது, வில்லை வடிவிலும் வருகிறது. இரண்டிலும் சரக்கு ஒன்றுதான் - மிக நைஸாக அரைத்த வண்ணப் பொடியும், வேல மரத்துப் பிசினும். தண்ணீர் பட்டால் பிசின் கரையும், காய்ந்தால் பொடியைப் பேப்பரோடு ஒட்டி வைக்கும். அதனால்தான் தட்டில் காய்ந்துபோன வண்ணத்தைக் கொட்ட வேண்டியதில்லை. மறுநாள் ஈரப் பிரஷால் தொட்டால் மறுபடி உயிர் பெறும்.

குழந்தைகள் உள்ள வீட்டில் ஒரு எச்சரிக்கை. பெரியவர்களுக்கான சில வண்ணங்களில் காட்மியம், கோபால்ட் போன்ற உலோகச் சத்துக்கள் உண்டு. பிரஷ் முனையை வாயில் வைத்துக் கூராக்கும் பழக்கம் கூடவே கூடாது. சமையலுக்குப் புழங்கும் தட்டு, டம்ளரை இதற்கு எடுக்காதீர்கள். குழந்தைகளுக்கு அவர்களுக்கென்றே விற்கிற வண்ணங்களை வாங்கிக் கொடுங்கள்.

முதல் பத்து நிமிஷம்

நான் முதல் நாள் போனபோது டீச்சர் பத்து நிமிஷம் ஒன்றுமே செய்யவில்லை. கண்ணைப் பாதி மூடிக்கொண்டு கொல்லையைப் பார்த்தார். தூக்கம் வருகிறதோ என்றுகூட நினைத்தேன்! பிறகுதான் சொன்னார்: "கண்ணைச் சுருக்கிப் பாரு. இலை, செங்கல், கயிறு எல்லாம் மறைஞ்சு போயி வெளிச்சம் எது, இருட்டு எதுன்னு மட்டும் தெரியும். அதைத்தான் போடணும்."

நீங்களும் இப்போதே ஜன்னல் பக்கம் திரும்பிக் கண்ணைச் சுருக்கிப் பாருங்கள். நாலைந்து பெரிய துண்டுகளாகத் தெரியும். டீச்சரின் பென்சில் கோடு அந்த நாலைந்து துண்டுகளின் எல்லைதான். அதுவும் அழுத்தாமல், உற்றுப் பார்த்தால் மட்டும் தெரிகிற கோடு. வாழையிலையின் நரம்பை அவர் பென்சிலால் போட்டு நான் பார்த்ததில்லை.

அடுத்தது, வண்ணம் கரைப்பது. வானத்துக்கு வேண்டிய நீலத்தை ஒரு பெரிய குழியில் தாராளமாகக் கரைத்து வைத்துக்கொண்டுதான் பிரஷைப் பேப்பரில் வைப்பார். தாளிதம் வெடிக்கும்போது புளி கரைக்க ஓட முடியுமா? அதே கதைதான். பாதி வானம் போட்டபின் நீலம் தீர்ந்து போனால், மறுபடி கரைப்பதற்குள் முதல் பாதி காய்ந்து, நடுவில் வரப்பு மாதிரி ஒரு கோடு விழுந்துவிடும்.

பலகையின் மேல்பக்கம் ஒரு புத்தகத்தை வைத்துக் கொஞ்சம் சாய்த்துக்கொள்வார். நிறைய வண்ணம் எடுத்த பட்டை பிரஷால் இடமிருந்து வலமாக ஒரே இழுப்பு. அந்தப் பட்டையின் கீழ் விளிம்பில் தண்ணீர் முத்துக் கோத்தாற்போல் நிற்கும். அடுத்த இழுப்பு அந்த முத்தைத் தொட்டுக்கொண்டே போகும். முத்து மெல்ல மெல்லக் கீழே இறங்கி வரும். கடைசி வரியில் பிரஷைத் துணியில் ஒற்றிவிட்டு, நிற்கிற நீரை உறிஞ்சி எடுத்துவிடுவார். போட்ட இடத்துக்கு மறுபடி போகவே மாட்டார். திட்டு இல்லாத, வழவழவென்ற வானம்!

நீர்மோர், பால், தேன்

எவ்வளவு தண்ணீர் சேர்ப்பது என்பதுதான் புதிதாகத் தொடங்குகிறவர்கள் எல்லோருக்கும் வருகிற சந்தேகம். டீச்சர் பள்ளியில் பெண்களுக்குச் சொல்லிக் கொடுத்த கணக்கு இது.

முதல் பூச்சு நீர்மோர் பதம். தட்டைச் சாய்த்தால் சட்டென்று ஓட வேண்டும். வானம், தூரத்துச் சுவர், எல்லாவற்றுக்கும் அடியில் வரும் வெளிர் நிறம் எல்லாம் இதில் அடங்கும்.

இரண்டாவது பூச்சு பால் பதம். வாழை, கிணற்றுச் சுவர், நிழல் எல்லாம் இந்தப் பதத்தில்.

மூன்றாவது தேன் பதம். மிகக் கொஞ்சம். கிணற்றின் உள்பக்க இருட்டு, கயிறு, இலை மடிப்பு. இது படத்தில் கடைசியாகத்தான் வரும்.

இந்த வரிசையை மாற்ற முடியாது. எண்ணெய் வண்ணத்தில் கறுப்பின்மேல் மஞ்சளைப் பூசி மறைக்கலாம். வாட்டர் கலர் கண்ணாடி மாதிரி. மேலே எதைப் பூசினாலும் கீழே இருப்பது தெரியும். அதனால் வெளிரில் தொடங்கி அழுத்தத்துக்குப் போக வேண்டும்.

இன்னொன்றையும் கவனித்தேன். ஈரமாக இருக்கும்போது நிறம் பளிச்சென்று இருக்கும், காய்ந்ததும் வெளுத்துவிடும். நமக்கு இது புதிதல்ல. துவைத்துக் கொடியில் போட்ட ஈரப் புடவை ஒரு நிறம், மாலையில் மடித்து வைக்கிற புடவை ஒரு நிறம் அல்லவா? அதனால் டீச்சர் எப்போதும் வேண்டியதைவிட ஒரு பிடி அழுத்தமாகத்தான் கரைப்பார்.

காத்திருப்பதுதான் பாடம்

நான் எழுத வந்ததே இதற்காகத்தான்.

ஒரு மணி நேரத்தில் டீச்சரின் பிரஷ் பேப்பரில் இருக்கிற நேரம் இருபது நிமிஷம்கூட இராது. மீதி நேரம் காயட்டும் என்று காத்திருப்பார். பேப்பரைக் கண் மட்டத்துக்குத் தூக்கிச் சாய்த்துப் பார்ப்பார். தண்ணீர் பளபளவென்று நின்றால், இன்னொரு நிறத்தைத் தொட்டு வைத்து ஓடிக் கலக்க விடலாம். மேகமும் மூட்டமும் அப்படித்தான் வருகின்றன. பளபளப்பு அடங்கி, பட்டுத்துணி மாதிரி ஒரு மினுமினுப்பு மட்டும் இருந்தால் கையைக் கட்டிக்கொள்ள வேண்டும். அந்தச் சமயம் ஈரப் பிரஷ் பட்டால், புதுத் தண்ணீர் பாதி காய்ந்த வண்ணத்தைத் தள்ளிக்கொண்டு போய், காலிஃப்ளவர் பூ மாதிரி ஒரு கறையை உண்டாக்கிவிடும். மினுமினுப்பும் போய் மங்கலானபின் புறங்கையால் லேசாகத் தொடுவார். ஜில்லென்று இருந்தால் உள்ளே இன்னும் ஈரம். ஜில்லிப்பு இல்லை என்றால் அடுத்த பூச்சு.

வெயில் காலத்தில் இதற்குக் கால் மணி போதும். ஐப்பசி அடைமழையில் முக்கால் மணிகூட ஆகும்.

என் பெண் செல்போனில் எத்தனையோ வீடியோ காட்டினாள். அழகாகத்தான் போடுகிறார்கள். நிறங்களின் பெயரும், பிரஷ் பிடிக்கும் விதமும் அதில் தெரிந்துகொள்ளலாம், குறை சொல்ல மாட்டேன். ஆனால் காய்கிற நேரத்தை அதில் வெட்டிவிடுகிறார்கள். வானம் போட்ட அடுத்த வினாடி மரம் வருகிறது. அதைப் பார்த்துப் போடுகிறவர்களும் காத்திருக்காமல் போட்டுவிட்டு, "எனக்கு மட்டும் ஏன் சேறாகிறது?" என்கிறார்கள். டீச்சர் பக்கத்தில் உட்கார்ந்தால் அந்தக் கால் மணியையும் சேர்த்துப் பார்த்தாக வேண்டும். எப்போது கையை எடுக்கிறார், எதைத் தொடாமல் விடுகிறார் என்பது அப்போதுதான் புரிகிறது. மாமியாரின் கேள்விக்கு எனக்குக் கிடைத்த பதில் இது.

வெள்ளையும் நீலமும்

டீச்சரின் தட்டில் வெள்ளை நிறமே கிடையாது. மதில் சுவர் வெள்ளை, வெயில் பட்ட குடத்தின் விளிம்பு வெள்ளை. எல்லாம் பேப்பரின் வெள்ளைதான். அந்த இடங்களைச் சுற்றிக்கொண்டு பிரஷ் போகும். மகாமகக் குளத்தில் காலை வெயிலில் தண்ணீர் மினுக்குவதைப் போட ஒரு நாள் மெழுகுவத்தித் துண்டால் பேப்பரில் அங்கங்கே தேய்த்தார். மேலே நீலத்தைப் பூசியதும் மெழுகு பட்ட இடமெல்லாம் நிறம் ஒட்டாமல் பளிச்சென்று நின்றது! குளத்தைச் சுற்றியுள்ள பதினாறு மண்டபங்களில் ஒன்றிரண்டின் நிழல் தண்ணீரில் விழுந்திருந்ததையும் அன்றுதான் உற்றுப் பார்த்தேன். வெளிச்சமான பொருளின் பிம்பம் தண்ணீரில் ஒரு பிடி மங்கும். இருட்டான பொருளின் பிம்பம் ஒரு பிடி வெளிறும்.

நிறம் கலப்பதில் அவர் நம்புவது நாலைந்து ட்யூபைத்தான். ப்ரஷ்யன் ப்ளூவும் கேம்போஜ் மஞ்சளும் சேர்ந்தால் வாழையின் பச்சை. அதில் பர்ன்ட் சியன்னா என்கிற செம்மண் பழுப்பு ஒரு துளி சேர்த்தால் முற்றிய இலை. கறுப்பு ட்யூபைத் தொடவே மாட்டார். அல்ட்ராமரின் நீலமும் பர்ன்ட் சியன்னாவும் கலந்தால் அருமையான சாம்பல் நிறம் வரும். நீலம் தூக்கலாக இருந்தால் குளிர்ந்த நிழல், பழுப்பு தூக்கலாக இருந்தால் உஷ்ணமான நிழல்.

இந்த அல்ட்ராமரின் யார் தெரியுமா? வெள்ளை வேட்டிக்கு நம் அம்மாக்கள் போட்ட நீலப்பொடியின் சொந்தக்காரர்தான்! ஒரு காலத்தில் ஆப்கானிஸ்தான் மலையில் வெட்டிய நீலக்கல்லை இடித்துத்தான் இந்த நிறத்தை எடுத்தார்கள். விலையோ தங்கத்துக்குப் போட்டி. 1820-களில் பிரான்ஸில் இதைச் செயற்கையாகச் செய்யும் முறை வந்தபிறகுதான் சலவைக்காரர் வரைக்கும் வந்து சேர்ந்தது.

வாட்டர் கலர் குழந்தைகள் சமாசாரம் என்று நினைக்கிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். எஸ். ராஜம் அவர்கள் வரைந்த சங்கீத மும்மூர்த்திகளின் படத்தைப் பார்த்திருப்பீர்கள். 1919-ல் பிறந்து 2010-ல் மறைந்த ராஜம், சங்கீத வித்வான். கூடவே சென்னை ஓவியப் பள்ளியில் படித்த ஓவியர். அவர் வாழ்நாள் முழுக்கக் கையாண்டது வாட்டர் கலர்தான். 1850-ல் தொடங்கிய அந்தப் பள்ளிதான் இன்றைய அரசு கவின் கலைக் கல்லூரி.

நிழல் ஏன் பழுப்பானது?

ஐந்தாவது மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை. மதில் சுவரின் நிழலை டீச்சர் போட்டபோது, எப்போதும் வருகிற நீலச் சாம்பல் வரவில்லை. பழுப்பாக விழுந்தது. அன்றைய வெயில் அப்படியோ என்று சுவரைப் பார்த்தேன். சுவர் நிழல் என்றும்போல் நீலமாகத்தான் இருந்தது. வியாழக்கிழமையும் அதே பழுப்பு. இந்தத் தடவை அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். நீலக் குழிக்குப் போக வேண்டிய பிரஷ் பழுப்புக் குழிக்குப் போயிற்று.

என்ன செய்வது? பேசக் கூடாது என்பது நிபந்தனை. பேசலாம் என்றாலும், ஐம்பது வருஷமாக நிறம் கலக்கிற ஒருவரிடம் "நிறம் தப்பு" என்று நான் எப்படிச் சொல்வது? அவர் மனம் நொந்து பிரஷையே கீழே வைத்துவிட்டால்? மனசு அடித்துக்கொண்டது. அவர் பிரஷைக் கழுவி வைக்கிற வரை காத்திருந்தேன்.

"டீச்சர், இன்னைக்கு நிழலுக்கு நீலம் சேர்க்கலையா?"

"சேர்த்தேனே."

நான் பதில் சொல்லவில்லை. அவர் என் முகத்தைப் பார்த்தார். படத்தை எடுத்துக்கொண்டு முற்றத்து வெளிச்சத்துக்குப் போனார். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு வந்தார்.

"எத்தனை நாளா இப்படி?"

"செவ்வாக்கிழமையும் இப்படித்தான் இருந்துது டீச்சர்."

கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். "ட்யூப்ல எழுத்து தெரியலை. ஞாபகத்துலதான் எடுத்துக்கிட்டிருந்தேன். ராத்திரி லைட்டைச் சுத்தி வளையம் வளையமாத் தெரியுது. வயசாச்சு, அப்படித்தான்னு விட்டுட்டேன்" என்றார். பிறகு, "நீ சொல்லலேன்னா யார் சொல்லுவா?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

கண்ணில் விழும் திரை

மறுவாரமே அவரைக் கண் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். இரண்டு கண்ணிலும் புரை.

நம் கண்ணில் உள்ள லென்ஸ் சிறு வயதில் கண்ணாடி மாதிரி தெளிவாக இருக்கும். வயதாக ஆக அது மஞ்சளித்து, கலங்குகிறது. மஞ்சள் கண்ணாடி வழியாகப் பார்த்தால் நீலம் மங்கித்தானே போகும்? கருநீலத்துக்கும் பழுப்புக்கும், நீலத்துக்கும் கறுப்புக்கும் வித்தியாசம் தெரியாமல் போய்விடுகிறது. மெள்ள மெள்ள வருவதால் அவர்களுக்கே தெரிவதில்லை. வலியும் கிடையாது. பிரான்ஸின் பிரபல ஓவியர் மோனேக்கு இப்படித்தான் ஆயிற்று. தன் தோட்டத்து அல்லிக் குளத்தையே ஓயாமல் வரைந்த அவருக்கு 1912-ல் புரை என்று கண்டுபிடித்தார்கள். ஆபரேஷனுக்குப் பயந்து தள்ளிப்போட்டு, 1923-ல்தான் செய்துகொண்டார்.

அந்தக் காலத்தில் ஆபரேஷன் ஆனபின் சோடாபுட்டிக் கண்ணாடி போட்டாக வேண்டும். 1949-ல் லண்டனில் ஹரால்ட் ரிட்லி என்ற டாக்டர் கண்ணுக்குள்ளேயே செயற்கை லென்ஸ் வைத்துக் காட்டியபின் நிலைமை மாறியது. டாக்டர் வெங்கடசாமி 1976-ல் மதுரையில் பதினொரு படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையின் சார்பில், 1992 முதல் இந்த லென்ஸை இங்கேயே செய்ய ஆரம்பித்ததும் விலையும் வெகுவாக இறங்கிவிட்டது. பெரும்பாலானவர்களுக்கு மரத்துப்போக மருந்து கொடுத்துச் செய்து, அன்றே வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். பிறகு டாக்டர் சொன்னபடி சொட்டு மருந்து, கண்ணில் தண்ணீர் படாமல் பார்த்துக்கொள்வது, கண்ணைக் கசக்காமல் இருப்பது, அடுப்புப் புகையிலிருந்து விலகியிருப்பது, இவைதான் முக்கியம்.

உங்கள் வீட்டுப் பெரியவர்கள் கருநீலப் புடவையைக் கறுப்பு என்கிறார்களா? நூல் கோக்கும்போது நிறம் மாற்றி எடுக்கிறார்களா? எதிரே வரும் வண்டி விளக்கு கூசுகிறது என்கிறார்களா? "வயசாச்சு" என்று விட்டுவிடாமல் ஒரு தடவை கண்ணைப் பரிசோதித்துவிடுங்கள்.

"நீ போடு, நான் பாக்கறேன்"

முதலில் வலது கண்ணுக்கு ஆபரேஷன் நடந்தது. ஓய்வில் இருந்த நாட்களில் டீச்சருக்குக் கை பரபரத்தது. சொட்டு மருந்து போடப் போன என்னிடம் ஒரு நாள் மேஜையைக் காட்டி, "நீ போடு, நான் பாக்கறேன்" என்றார்.

ஏழு மாதத்தில் முதல் தடவையாகப் பிரஷை எடுத்தேன். வானத்துக்கு நீலத்தைத் தாராளமாகக் கரைத்துக்கொண்டேன், பலகையைச் சாய்த்தேன், முத்தைத் தொட்டுக்கொண்டே இறங்கினேன். கை நடுங்கியது. ஆனால் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று ஒரு இடத்திலும் நின்று யோசிக்க வேண்டியிருக்கவில்லை. மினுமினுப்பு வந்தபோது பிரஷைக் கீழே வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டேன். டீச்சர் சிரித்துவிட்டார். மதில் சுவர் கொஞ்சம் சாய்ந்துதான் வந்திருந்தது. "சுவத்தை அடுத்த வாரம் நிமித்திக்கலாம். காத்துக்கிட்டிருக்கத் தெரிஞ்சிருக்கே, அது போதும்" என்றார்.

கட்டுக்கள் எல்லாம் முடிந்து அவர் மறுபடி உட்கார்ந்தபோது, ஒரு கண்ணை மூடி மூடித் திறந்து சுவரைப் பார்த்தார். இந்தக் கண்ணுக்கு வெள்ளை, அந்தக் கண்ணுக்கு மஞ்சள்! கடைசி இரண்டு வருஷத்துப் படங்களை எடுத்துப் பரப்பச் சொன்னார். போகப் போகப் பழுப்பேறிக்கொண்டே வந்திருந்தது. கிழித்துவிடுவாரோ என்று பயந்தேன். "இருக்கட்டும், அப்போ எனக்கு அப்படித்தான் தெரிஞ்சுது" என்று தேதி போட்டு அடுக்கி வைத்துவிட்டார்.

இடது கண்ணுக்கும் ஆபரேஷன் ஆகிவிட்டது. இப்போது மேஜையில் இரண்டு பலகை. ஒன்று அவருடையது, ஒன்று என்னுடையது.

நீங்கள் தொடங்க

டிராயிங் மாஸ்டராகவோ டீச்சராகவோ இருந்து ரிடையர் ஆனவர் அநேகமாக எல்லா ஊரிலும் இருப்பார். விசாரித்துப் பாருங்கள். "கற்றுக் கொடுங்கள்" என்று கேட்டால் தயங்குகிறவர்கள்கூட, "நீங்கள் போடும்போது பக்கத்தில் இருந்து பார்க்கலாமா?" என்று கேட்டால் மறுப்பதில்லை. பார்க்கும்போது மூன்று விஷயத்தைக் கவனியுங்கள்: பிரஷில் எவ்வளவு தண்ணீர் வைத்துக்கொள்கிறார், எப்போது காத்திருக்கிறார், எந்த இடத்தைத் தொடாமலே விடுகிறார்.

வீட்டில் பழக ஒரு எளிய பயிற்சி. தபால் கார்டு அளவுக்குப் பேப்பர் வெட்டிக்கொள்ளுங்கள். ஒரே ஒரு நிறம் போதும், அல்ட்ராமரின் நீலம் வைத்துக்கொள்ளலாம். ஒரு எலுமிச்சம்பழத்தை ஜன்னல் ஓரம் வையுங்கள். நீர்மோர் பதத்தில் முழுப் பழத்தையும் பூசுங்கள், வெளிச்சம் பட்டுப் பளிச்சிடும் இடத்தை மட்டும் விட்டுவிட்டு. புறங்கைக்கு ஜில்லிப்பு தெரியாத வரை காத்திருங்கள். பால் பதத்தில் நிழல் பக்கம். மறுபடி காத்திருங்கள். தேன் பதத்தில் பழத்தின் அடியில் ஒரு கோடு. அவ்வளவுதான்.

காய்கிற நேரத்தில் குக்கர் வைக்கலாம், துணி மடிக்கலாம், குழந்தைக்குத் தலை பின்னிவிடலாம். நமக்குத் தோதான கலை இது. குழந்தை பக்கத்தில் வந்து உட்கார்ந்து பார்த்தால் விரட்டாதீர்கள். அது பாட்டுக்குப் பார்க்கட்டும்.